சினைக் குதிரைக்கு ‘நிறைசினைத் தீவனம்’: ஒரு சொல் பரிந்துரை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குதிரை வளர்ப்புச் சொற்பட்டியலில், சினைக் குதிரையின் தீவனத்துக்கு மருத்துவர் ஐயா முன்வைத்த ‘கர்ப்பகால ஊட்டம்’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கால்நடைக்கு நாம் வழங்குவது சினை என்னும் சொல்லையே. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு மாட்டை ஓட்டிவருபவர் எவரும் கர்ப்பம் என்று சொல்லிக் கேட்டதில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் அச்சொல் சுட்டும் காலத்தில் இருக்கிறது. குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். முதல் எட்டு மாதம் வரை நல்ல புல்லும் உலர்புல்லும் தாது உப்பும் பெரும்பாலும் போதுமானவை. கருவின் எடை பாதிக்கு மேல் கூடுவது கடைசி மூன்று மாதங்களில்தான். அப்போது கரு வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்வதால், தேவை ஏறும் வேளையிலேயே தாய் தின்னும் அளவு குறையத் தொடங்குகிறது. எனவே சிறிய அளவில் மிகுந்த சத்துள்ள தீவனத்தை, வயிற்றுவலி வராதபடி, படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். பதினொரு மாதத்தையும் ஒன்றாக அடக்கும் சொல்லைப் படிப்பவர் தொடக்கத்திலேயே கொள்ளுப் பயறை அள்ளி வைத்துப் பெட்டைக் குதிரையைக் கொழுக்க வைத்துவிடக்கூடும்.

ஆகவே ‘நிறைசினைத் தீவனம்’ என்று பரிந்துரைக்கிறேன். நிறைசினை என்றால் ஈனப்போகும் சில நாட்களை மட்டுமே குறிக்காதா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். பேச்சில் அப்படியும் வழங்குவது உண்மைதான். வரையறையில் ‘கடைசி மூன்று மாதம்’ என்று எழுதிவிட்டால் ஐயம் நீங்கும்.

இத்தீவனத்தில் அடங்குவன எவை என்பதையும் பதிவில் ஒரு வரி சொல்ல வேண்டும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) மிகுந்த குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் தன் பெயரிலேயே உரிமை கொண்டாடுகிறது. நம் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாமல் கட்டிவிடும். பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் அதனோடு நிறையக் கொடுத்தால் தாயின் எலும்பிலிருந்தே சுண்ணாம்பு கரையும். தாமிரச் சத்தையும் விட்டுவிடக் கூடாது: குதிரைப் பாலில் அது குறைவு என்பதால், கன்று பிறக்கும் முன்பே தன் ஈரலில் சேர்த்துவைத்துக்கொள்கிறது.

கன்று என்றே எழுதியிருக்கிறேன். யானை, குதிரை, கழுதை ஆகியவற்றின் இளமைக்குக் கன்று என்றும், பெண் குதிரைக்குப் பெட்டை என்றும் தொல்காப்பிய மரபியல் பெயர் வகுத்திருக்கிறது. வழக்கில் உள்ள குதிரைக்குட்டியையும் இணைச்சொல்லாகத் தரலாம்.

அடுத்தது சீம்பால். குதிரையின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவுக்குச் செல்வதில்லை. கன்று ஏறத்தாழக் காப்பே இல்லாமல் பிறக்கிறது. ஈனுவதற்கு ஓரிரு நாள் முன்பு காம்பு நுனியில் மெழுகுத் துளி போல உறைந்து நிற்கும் அந்த மஞ்சள் பாலே அதற்கு முதல் காப்பு. முதல் சில மணி நேரத்தில் குடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது; 24 மணி நேரத்துக்குள் அந்த வழி அடைபட்டுவிடும். அதன்பின் ஒரு டெசிலிட்டர் குருதிநீரில் இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் எதிர்ப்புப் புரதம் 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதுமான காப்பு. 400-க்குக் கீழ் என்றால் கன்று பேரிடரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘failure of passive transfer’ எனப்படும் இக்குறைபாட்டைச் ‘செயலற்ற எதிர்ப்பு மாற்றத் தோல்வி’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது; தாயிடமிருந்து வந்த புரதம் கன்றின் உடலில் செயல்பட்டுக்கொண்டுதானே இருக்கிறது? ‘சீம்பால்வழிக் காப்புக் குறைவு’ என்றால் காரணமும் மருந்தும் சேர்ந்தே விளங்கும். தீவனம் மட்டுமே சீம்பாலை வளமாக்கிவிடாது, ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாய்க்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பதையும் சீம்பால் பதிவில் சேர்க்கக் கோருகிறேன்.

என் வரைவு இது. நிறைசினைத் தீவனம்: சினைப் பெட்டைக் குதிரைக்குக் கடைசி மூன்று மாதத்தில், கருவின் வளர்ச்சிக்கும் சீம்பாலின் வளத்துக்குமாகப் படிப்படியாகக் கூட்டித் தரப்படும் செறிவுத் தீவனம். ‘செறிவு’ என்பதற்கு மாற்றாக ‘அடர்’ வேண்டும் என்பவர்கள் வரும் வாரத்துக்குள் எழுதினால் நலம்.