பூண்டுப் பால் குடித்தால் கொலஸ்ட்ரால் குறையுமா?

மருந்தின் பக்கம் 'மருந்துச்சீட்டு', சமையலின் பக்கம் 'தாளிப்பு': இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

மருந்துச்சீட்டு: பத்துப் பல் பூண்டை முழுசாகப் பாலில் வேகவைத்துக் குடித்தால் கொலஸ்ட்ரால் கரையும், ரத்தக்குழாய் அடைப்பு நீங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. இதை நம்பி யாரும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 2007-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 192 பேருக்கு ஆறு மாதம், வாரத்தில் ஆறு நாள், தினம் ஒரு பல் அளவு கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பூண்டிலும் சரி, பூண்டு மாத்திரையிலும் சரி, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை.

தாளிப்பு: எல்டிஎல் விஷயத்தில் சரி. அதற்காகப் பூண்டையே ஒதுக்குவது நியாயமில்லை சார். பிரஷர் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் மேல் அளவு சுமார் 8 புள்ளி இறங்குகிறது. பூண்டின் கந்தகச் சேர்மங்களிலிருந்து சிவப்பணுக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்குகின்றன. அது குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது.

மருந்துச்சீட்டு: அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் கொடுத்தது அளந்து அடைத்த மாத்திரை. பூண்டுப் பால் இல்லை. பல்லுக்குள் 'அல்லியின்' என்ற கந்தகச் சேர்மம் ஓர் இடத்தில், அல்லினேஸ் என்ற நொதி வேறிடத்தில். பல் உடைந்தால்தான் இரண்டும் சேர்ந்து, காட்டம் தரும் அல்லிசின் உண்டாகும். முழுப் பல்லாகக் கொதிக்கும் பாலில் போட்டால் நொதி வெந்துபோகும். வெந்த பல்லை விரலால் அழுத்திப் பாருங்கள்: வெண்ணெய் மாதிரி மசியும், லேசாக இனிக்கும், அந்தக் காட்டம் இருக்காது. பச்சையாக முழுசாய் விழுங்கினாலும் வயிற்று அமிலம் நொதியை முடக்கிவிடும்.

தாளிப்பு: அப்போ தப்பு பூண்டில் இல்லை, போடும் விதத்தில்தான். இரண்டு பல்லை இடிகல்லில் நசுக்கி 10 நிமிடம் அப்படியே வையுங்கள். ரசம் நுரைகட்டும்போது போட்டு, மூன்று நிமிடத்துக்குள் இறக்குங்கள். ஆய்வகத்தில் முழுப் பல்லை ஆறு நிமிடம் சூடாக்கியபோது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் குணம் அடியோடு போனது. முன்பே நசுக்கியதில் ஓரளவு தங்கியது.

மருந்துச்சீட்டு: அந்தக் குணம்தான் எனக்குக் கவலை. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் தினம் ஐந்தாறு பச்சைப் பல் தின்றால் ரத்தக்கசிவு வரலாம். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே பூண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

தாளிப்பு: மாத்திரைக்கும் பச்சைப் பல்லுக்கும் அது பொருந்தும். ரசத்தில் போடும் இரண்டு பல்லுக்குமா தடை?

மருந்துச்சீட்டு: ரசத்துக்குத் தடை சொல்லவில்லை. வார்ஃபரின் எடுப்பவர் பூண்டின் அளவைத் திடீரென்று கூட்டினால், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனையின்போது மருத்துவரிடம் அதைச் சொல்லட்டும்.