கோயாசான், யுனோமினே போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நவம்பரில் அம்மாவை ஜப்பான் அழைத்துப் போகிறேன். வாகாயாமா மலைப்பக்கம்தான் திட்டம்.

முதலில் கோயாசான். 816-இல் கூக்காய் என்ற துறவி மடம் அமைக்க அனுமதி பெற்ற மலை. அங்கே ஒக்குனோயின் என்ற இடத்தில் உள்ள சமாதியில் அவர் இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. தினமும் இருவேளை துறவிகள் மரப்பெட்டியில் சாப்பாடு சுமந்து போய்ப் படைக்கிறார்கள். அதைப் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. அங்கே மடத்திலேயே தங்கலாம், சாப்பாடும் சைவம், கவலை இல்லை.

அப்புறம் யுனோமினே வெந்நீர் ஊற்று. இங்கேதான் சிக்கல். அம்மாவின் முன்கையில் அந்தக் காலத்தில் குத்திய பச்சைக்கோலம் இருக்கிறது. பச்சை குத்தியவர்களைப் பல பொதுக்குளியல்களில் விடுவதில்லை. மேலே ஒட்டி மறைக்கும் பட்டை போதுமா? பலர் முன் ஆடையில்லாமல் இறங்கவும் அம்மாவுக்குக் கூச்சம். அதனால் ட்சுபோயு நல்லது என்று நினைக்கிறேன்: ஓடைக்கரையில் சின்ன மரக்கொட்டகை, உள்ளே பாறைத்தொட்டி, ஒரு குழுவுக்கு 30 நிமிடம், வேறு யாரும் வரமாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் இறங்கி ஏற முடியுமா? நவம்பரில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

இன்னொன்று: யுனோமினே விடுதிகளில் மீன்சாறு சேர்க்காமல் சமைத்துத் தருவார்களா? முன்பதிவின்போது ஜப்பானிய மொழியில் எப்படி எழுதிக் கேட்டீர்கள்? அந்த வரி யாரிடமாவது இருந்தால் அப்படியே இங்கே போடுங்கள்.