தியாங்கிஸ்ல வாங்குன கீரை மண்ணெண்ணெய் வாசம் அடிக்குது, இது என்னது?

புதுக்குடித்தனம்:
மெக்சிகோவுல குவெரெதாரோ ஊருக்கு வந்து நாலு மாசம் ஆச்சு, கீரை இல்லாம நாக்கு செத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை தெருவ அடைச்சு போடுற தியாங்கிஸ் சந்தையில ஒரு பாட்டி துணி விரிச்சு கட்டு கட்டா வச்சிருந்தாங்க, எதைக் கை காட்டினாலும் கெலிதே கெலிதேன்னாங்க, மூணு கட்டு வாங்கிட்டேன். ஒண்ணு அச்சு அசல் நம்ம பருப்புக்கீரை. இன்னொண்ணு முளைக்கீரை மாதிரி. மூணாவது நீள இலை, ஓரமெல்லாம் பல்லு பல்லா, முழுக்கட்டையும் பொரியல் பண்ணி ஒரு வாய் வச்சேன், அய்யோ மண்ணெண்ணெய்! வீட்டம்மா தட்டை வச்சுட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. வீட்டுக்குப் பின்னாடி காலி மனையிலயும் பருப்புக்கீரை மாதிரியே படர்ந்து கெடக்கு, பறிக்கலாமா?

சோளக்கொல்லை:
முழுக்கட்டா 😂 அது எபாசோத்தே ப்ரோ. நமக்கு கறிவேப்பிலை மாதிரி, வாசத்துக்கு மட்டும். கறுப்பு பீன்ஸ் வெந்து இறக்கப்போற நேரத்துல ஒரு கொத்து, இல்ல கேசடியாவுக்குள்ள (சீஸ் வச்சு மடிச்ச ரொட்டி) ஒரு இலை, அவ்ளோதான். அந்த இலையில இருக்கற எண்ணெய் அளவு மீறுனா உடம்புக்கும் ஆகாது, பொரியலைக் கொட்டிடுங்க. கெலிதேங்கறது ஒரு செடியோட பேரு கிடையாது, இங்கத்த பழங்குடி மொழி நவாட்ல கிலித்லுன்னா தின்னக்கூடிய இளங்கீரை எல்லாமே. மழை விழுந்ததும் மில்பாவுல, அதாவது மக்காச்சோளக் கொல்லையில, சோளத்துக்கு நடுவுல தானா முளைக்கும், களைன்னு பிடுங்கறதை அப்படியே சட்டியில போடுவாங்க. முளைக்கீரை மாதிரி இருக்கறது கின்டோனில், அதே இனம்தான், வெங்காயம் பூண்டு செர்ரானோ மிளகா போட்டு வதக்கி சூடான தொர்தியாவுல (மக்காச்சோள ரொட்டி) சுருட்டி சாப்பிடுங்க.

பூப்லா மருமகள்:
பருப்புக்கீரை இங்க வெர்தோலாகாஸ். என் மாமியார் பண்றது: பன்னி விலாக்கறிய உப்பு பூண்டு போட்டு நல்லா வேகவச்சு தனியா வச்சிருவாங்க. பச்சை தொமாத்தே (காகிதம் மாதிரி தோல் மூடியிருக்குமே அது, நம்ம தக்காளிக்காய் இல்ல) தோலுரிச்சு மிளகாயோட அவிச்சு, கொத்தமல்லி சேர்த்து அரைச்சு, பன்னிக்கொழுப்புல ஊத்தும்போது சடசடன்னு தெறிக்கும், தள்ளி நில்லுங்க. அப்புறம் கறியும் வெந்த தண்ணி கொஞ்சமும். கீரை கடைசி பத்து நிமிஷம்தான், முதல்லயே போட்டா கொழகொழன்னு ஆயிடும், நான் ஒருதடவை போட்டு வாங்கிக்கட்டிக்கிட்டேன். தண்டை நகத்தால ஒடிச்சுப் பாப்பாங்க, டக்குன்னு ஒடிஞ்சா சட்டிக்கு, நார் இழுத்தா குப்பைக்கு. கறி சாப்பிடலன்னா அதே சாஸ்ல உருளைக்கிழங்கு போடுங்க, நல்லாத்தான் இருக்கும்.

சோளக்கொல்லை:
காலி மனை மேட்டர்ல உஷார். அம்மான் பச்சரிசி இனத்துல ஒண்ணு தரையோட தரையா அதே மாதிரி படரும். தண்டைக் கிள்ளுங்க, பால் வந்தா தொடாதீங்க. பருப்புக்கீரை தண்டு தடிச்சு சதையா இருக்கும், வெறும் தண்ணிதான் வரும். அதுவே ஆனாலும் நாய் போற எடம், களைக்கொல்லி அடிச்சிருந்தா யாருக்குத் தெரியும்.

புதுக்குடித்தனம்:
இப்பதான் போய் கிள்ளிப் பாத்தேன். பால். சந்தைப் பாட்டிகிட்டயே வாங்கிக்கறேன் சாமி. அக்கா, அந்த பச்சை தொமாத்தே அரைகிலோ கறிக்கு எத்தனை போடணும்?

பூப்லா மருமகள்:
மாமியார் கண்ணாலதான் அளப்பாங்க 😄 நான் கறி எடைக்குச் சமமா போடுறேன். ரொம்ப புளிச்சா ஒரு சிட்டிகை சர்க்கரை.