மல்ட்டி கார் பாலிசி: தமிழில் எப்படி வழங்கலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டில் உள்ள இரண்டு மூன்று வாகனங்களை ஒரே பாலிசியின்கீழ்க் கொண்டுவரும் முறைக்குக் குடும்ப வாகனக் காப்பீடு, கூட்டு வாகனக் காப்பீடு, தொகுப்புக் காப்பீடு என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் சொல்வதற்கு எளியவையே. ஆயினும், இம்முறையில் எது பொது, எது தனித்தனி என்பதை இம்மூன்றுமே தவறாகக் காட்டுகின்றன என்பதால் எதையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

இத்தகைய பாலிசி ஒன்றின் அட்டவணைப் பக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். மேலே காப்பீட்டாளரின் பெயர், பாலிசிதாரரின் பெயர், முகவரி, பாலிசி எண் ஆகியவை ஒருமுறைதான் வரும். அதன்கீழ் வாகனத்துக்கு ஒரு வரிசையாகப் பதிவெண், தயாரிப்பு ஆண்டு, காப்பீட்டு மதிப்பு, பாதுகாப்பின் வகை, விலக்குத் தொகை (இழப்பில் பாலிசிதாரரே ஏற்கும் பகுதி), பிரீமியம் என்று எல்லாம் தனித்தனியே இருக்கும். புதிய காருக்கு முழுமையான பாதுகாப்பும், பழைய காருக்கு மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு (அந்தக் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது) மட்டும் அதே பக்கத்தில் அடுத்தடுத்த வரிசைகளில் இடம்பெறலாம். பொதுவாக இருப்பவை பத்திரமும், புதுப்பிப்புத் தேதியும், மொத்தக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியுமே. அந்தத் தள்ளுபடிக்குக் காரணமும் எளியதுதான்: நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவு குறைகிறது, வாடிக்கையாளர் எளிதில் வேறிடம் போவதில்லை, ஓட்டுநர் இருவர், கார் மூன்று என்றால் மூன்றும் ஒரே நேரத்தில் சாலையில் இருக்க முடியாது.

இனி, முன்வைக்கப்பட்ட சொற்களைப் பார்க்கலாம். ‘குடும்ப’ என்ற அடை உரிமையாளர் யார் என்ற கேள்வியில் இடறுகிறது. சில நாடுகளில் ஒரே முகவரியில் வாழ்வோரின் வாகனங்கள் போதும். அவர்கள் உறவினராக இருக்கவேண்டும் என்பதில்லை. இந்தியாவிலோ, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் சொந்தச் சேதப் பாதுகாப்பின் (நம் வாகனத்துக்கே நேரும் சேதத்துக்கானது) கூடுதல் வசதியாக இதனை அனுமதித்தபோது, வாகனங்கள் யாவும் ஒரே தனிநபருக்கு உரியவையாக இருக்கவேண்டும் என்றே வரையறுத்தது. கணவர் பெயரில் ஒரு காரும் மனைவி பெயரில் ஒரு ஸ்கூட்டரும் இருந்தால் அது குடும்பம்தான். ஆனால் அந்த வரையறைக்குள் வராது. ‘வீட்டு வாகனக் காப்பீடு’ என்று மாற்றினால் வீட்டுக் காப்பீட்டோடு குழம்பும்.

‘கூட்டு’ என்பதில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒரே இடரைப் பல நிறுவனங்கள் பங்கிட்டு ஏற்பதையே அச்சொல் முதலில் நினைவூட்டும். ‘குழு’ என்றால் பணியாளர்களுக்கு நிறுவனம் எடுத்துத் தரும் காப்பீடு நினைவுக்கு வரும். ‘தொகுப்பு’ என்பதையும் விட்டுவிடலாம். சொந்தச் சேதமும் மூன்றாம் தரப்புப் பொறுப்பும் சேர்ந்த பாலிசியைத்தான் இந்தியக் காப்பீட்டுத் துறையினர் பேக்கேஜ் பாலிசி என்கிறார்கள்.

எனவே எண்ணிக்கையை மட்டும் சுட்டும் ‘பல்வாகனக் காப்பீடு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். பல்வகை, பல்வேறு போன்றவற்றில் பழகிய புணர்ச்சியே இது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் காப்புறுதி என்ற சொல்லோடும் ‘பல்வாகனக் காப்புறுதி’ எனத் தடையின்றிச் சேரும். பல்வாகனப் பாலிசி, பல்வாகனத் தள்ளுபடி என்ற கிளைச்சொற்களும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. ‘வாகனம்’ வடசொல் ஆதலால் ‘ஊர்தி’ வேண்டும் என்போர் ‘பல்லூர்தி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். பல் மருத்துவர் ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் வண்டி என்றுதான் எனக்குப் படுகிறது.

இதே சொல் நிறுவனங்களின் லாரி, டாக்ஸி அணிகளுக்கும் பொருந்திவிடுமே என்ற ஐயம் எழலாம். அதற்கு ‘வாகன அணிக் காப்பீடு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். அணிக் காப்பீட்டில் இடர் மதிப்பீடு பெரும்பாலும் முழு அணியின் இழப்பு வரலாற்றைப் பார்த்து நடக்கும்; வீட்டு வாகனங்களிலோ ஒவ்வொரு வாகனமும் அதை ஓட்டுவோரும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றனர். இந்த வேறுபாடு போதிய அளவு பெரியது.

ஃப்ளோட்டர் என்பதையும் இதனோடு கலக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் ஒரே தொகையைக் குடும்பத்தில் யாரும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டை அப்பெயரால் அறிவோம். அதே பெயர் வாகனங்களுக்கும் வந்திருப்பதால், அதனை ‘மிதவைக் காப்பீடு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படகுக்குக் காப்பீடு என்றாகிவிடும். தொகைக்கு ஒரு பொது வரம்பு இருந்து அதனை எல்லா வாகனங்களும் பகிரும் இடத்தில் ‘பகிர்வரம்புக் காப்பீடு’ எனலாம்; ஒவ்வொரு வரிசைக்கும் தனி மதிப்பு இருந்தால் அது பல்வாகனக் காப்பீடு மட்டுமே. ஒரு கார் முற்றிலும் சேதமடைந்தால் மற்றக் காரின் மதிப்பிலிருந்தும் தொகை கிடைக்குமா என்பதற்கான விடை இந்த இரு சொற்களில் எது பொருந்துகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

துணைச்சொற்களில் இரண்டு இன்னும் முடிவாகவில்லை. பாலிசி ஆண்டின் நடுவில் வாங்கிய வாகனத்தைச் சேர்க்கும்போது, பொதுப் புதுப்பிப்புத் தேதிவரை எஞ்சிய நாட்களுக்கு மட்டும் கணக்கிடும் பிரீமியத்தை ‘எஞ்சுநாள் கட்டணம்’ எனலாமா? அடுத்து, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான சலுகை. ஒரு வாகனத்துக்கு இழப்பீடு பெற்றால் பிற வாகனங்களின் சலுகை தொடருமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ‘வாகனவாரிச் சலுகை’, ‘பாலிசிவாரிச் சலுகை’ என இரண்டாகப் பிரித்தே சொல்லவேண்டும் என நினைக்கிறேன். முகவர்களாகவோ இழப்பீட்டுப் பிரிவிலோ பணிபுரியும் அன்பர்கள் தாங்கள் வாடிக்கையாளரிடம் இவற்றை எப்படிச் சொல்கிறீர்கள் என்று தெரிவித்தால், அச்சொற்களையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.