தம்பியின் கேட் தேர்வு: குடும்பக் குழுவில் ஒரு மாலை

அப்பா: இவனுக்குக் கல்லூரி வளாக நேர்காணலில் வேலை கிடைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிப்ரவரியில் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வை எழுதி எம்.டெக். சேரப் போவதாகச் சொல்கிறான். கைக்கு வந்த வேலையை விடுவது சரிதானா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை.

அத்தை: அண்ணா, ஆசைப்படுகிறான் என்றால் படிக்கட்டும். இரண்டு வருடச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே வழி பார்க்க வேண்டும்.

அக்கா: சித்தப்பா, வேலையா படிப்பா என்று இப்போதே முடிவுகட்ட வேண்டிய அவசியமே இல்லை. கேட் மதிப்பெண், முடிவு வெளியானதிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், தேர்வை எழுதிவிட்டு வேலையில் சேர்ந்தாலும் அடுத்த ஆண்டு அதை வைத்தே விண்ணப்பிக்கலாம். அத்தை, கேட் வழியாக ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் முழுநேர எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கல்விக் கட்டணத்துக்குத்தான் நாம் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

நான்: அக்கா, ஐ.ஐ.டி.யில் எந்தப் பிரிவு கிடைத்தாலும் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அக்கா: அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தம்பி. சிவிலில் எம்.டெக். என்பது கட்டமைப்பு, மண்ணியல் பொறியியல், நீர்வளம், போக்குவரத்து என்று தனித்தனிப் படிப்புகளாகப் பிரிந்துவிடுகிறது. பிறகு நீ செய்யப்போகும் வேலையும் பெரும்பாலும் அந்தப் பிரிவை ஒட்டியே அமையும். மண் சோதனைக்கான காசாகிராண்டே கிண்ணத்தில் களிமண்ணைப் பரப்பி, நடுவே பள்ளம் கீறி, சரியாக 25 தட்டில் அது மூடிக்கொள்ளும் ஈரப்பதம்தான் நீர்ம எல்லை, அதாவது மண் குழம்புபோல ஓடத் தொடங்கும் அளவு என்று பொங்கலுக்கு வந்தபோது எனக்கு அத்தனை ஆர்வமாக விளக்கியவன் நீ. மண்ணியல் ஒரு நல்ல என்.ஐ.டி.யில் கிடைத்து, ஐ.ஐ.டி.யில் உனக்குப் பிடிக்காத பிரிவு கிடைத்தால், தயங்காமல் என்.ஐ.டி.க்குப் போ.

அப்பா: எம்.எஸ். என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அம்மா?

அக்கா: சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, சித்தப்பா. அதில் பாடங்கள் குறைவு, ஆய்வேடுதான் முதன்மை. துறை தனியாக நேர்முகத் தேர்வும் வைக்கும். முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாம். பிஎச்.டி. எண்ணம் இருந்தால் அது நல்ல வழி.

நான்: படிப்பை எங்கிருந்து தொடங்கட்டும், அக்கா?

அக்கா: பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13 என்று 100இல் 28 மதிப்பெண் சிவில் பாடங்களுக்கு வெளியே இருப்பதால், தினமும் காலையில் கணிதத்தை எடு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைவது ஒற்றை விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில்தான். எண்ணாக விடை தரும் கேள்விகளில் குறையாது, ஆகவே அவற்றில் ஒன்றைக்கூட வெறுமையாக விடாதே. நம் கால்குலேட்டரை உள்ளே கொண்டுபோக முடியாது. திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வோர் எண்ணாக அழுத்த வேண்டும். பழக்கமில்லாவிட்டால் அதிலேயே நேரம் போய்விடும். இன்றிலிருந்தே மாதிரித் தேர்வுகளை அதில்தான் போட வேண்டும்.

அப்பா: சரி, அம்மா. விண்ணப்பக் கட்டணத்தை நாளைக்கே கட்டிவிடுகிறேன். வேலைக்கான ஒப்புதல் கடிதத்தையும் அவன் அனுப்பி வைக்கட்டும்.