உறைபனிக்கு முன் ஸ்பிரிங்க்ளர் குழாயைக் காலி செய்ய டயர் கம்ப்ரெஸர் போதுமா?

புல்தரை:
வணக்கம். நான் வாங்கிய வீட்டில் நிலத்தடி ஸ்பிரிங்க்ளர் ஏற்கெனவே இருக்கிறது, ஆறு சோன் (தனித்தனி வால்வில் ஓடும் பகுதி). உறைபனி விழும் ஊருக்கு வந்து இதுதான் முதல் குளிர்காலம். பழைய உரிமையாளர் ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்துவிட்டுப் போகவில்லை. இந்த வாரக் கடைசியில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குமாம்.

கையில் இருப்பது டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரெஸர், 20 லிட்டர் டேங்க். காற்றழுத்தம் 120 பிஎஸ்ஐ வரை ஏறும். டேங்க் சின்னது என்பதால் அழுத்தத்தை முழுக்க ஏற்றி, ஒரே அடியாக ஊதித் தள்ளிவிடலாமா? இன்னொன்று: வெளிச்சுவரை ஒட்டிப் பித்தளையில் ஒரு சாதனம் நிற்கிறது. இரண்டு கைப்பிடி, மேலே குல்லா போல ஒரு மூடி. அதற்குக் கம்பளித் துணி சுற்றினால் தாங்குமா?

ஈரமண்:
ஊதவே வேண்டாம் ப்ரோ. மெயின் வால்வை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நாங்கள் வருஷா வருஷம் அவ்வளவுதான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை.

குழாய்க்காரர்:
ஈரமண், உங்கள் குழாயில் தாழ்வான இடத்தில் தானியங்கி டிரெய்ன் வால்வு வைத்திருப்பார்கள். அழுத்தம் இறங்கியதும் அது தானே திறந்து தண்ணீரை மண்ணுக்குள் விட்டுவிடும். எல்லா வீட்டிலும் அது இருக்காது. இல்லாத வீட்டில் மெயினை மட்டும் மூடினால் குழாய் நிறையத் தண்ணீர் அப்படியே நிற்கும். தண்ணீர் பனிக்கட்டியானால் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் கூடும். அதற்கு இடம் இல்லையென்றால் ஏதாவது ஒன்று விரிசல் விட்டுத்தான் ஆக வேண்டும்.

புல்தரை, 120 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். வெள்ளை பிவிசி குழாய் என்றால் 80 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. வளைகிற கறுப்பு பாலி குழாய் என்றால் 50தான் உச்சம். காற்று தண்ணீரைப் போல இல்லை. அழுத்தத்தில் சுருங்கி, விட்டதும் பாயும். பிளாஸ்டிக் உடைந்தால் துண்டு பறக்கும். யார் ஊதினாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் பீய்ச்சும் ஹெட்டுக்கு மேல் குனிந்து பார்க்காதீர்கள்.

உங்களுக்குக் குறைவது அழுத்தம் இல்லை, காற்றின் அளவு. டயர் கம்ப்ரெஸர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று கன அடி கொடுத்தாலே பெரிது. டேங்க் காலியானதும் காற்று மெலிந்துவிடும். மெலிந்த காற்று குழாயின் மேல்பாதி வழியாக ஓடிவிடும், தண்ணீர் அடியில் அசையாமல் கிடக்கும். ஹெட்டில் ஈரக் காற்று வருவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். பெரிய கம்ப்ரெஸரை வாடகைக்கு எடுங்கள். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருப்பது முக்கியம்.

துணி விஷயம்: அந்தப் பித்தளைச் சாதனம்தான் பேக்ஃப்ளோ பிரிவென்டர். தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது. தரைக்கு மேலே நிற்பதால் முதலில் உறைவது அதுதான். துணி சூடு உண்டாக்காது, இருக்கும் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். ராத்திரி முழுக்கக் குளிர் நின்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறையத்தான் செய்யும். தண்ணீரை எடுத்துவிட்டால் துணியே தேவையில்லை.

உங்கள் குழாய் எந்த வகை? பேஸ்மென்டில் வால்வு இருக்கிறதா?

புல்தரை:
நன்றி சார். வால்வு பெட்டியைத் திறந்து பார்த்தேன். கறுப்புக் குழாய், இணைப்புகளில் ஸ்டீல் கிளாம்ப். பேஸ்மென்டில் ஒரு பால் வால்வு (உள்ளே பந்து சுழலும் வகை), அதன் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி. பித்தளைச் சாதனத்தைத் தாண்டி, குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் திருகாணி மூடி போட்ட ஒரு டீ (T வடிவ இணைப்பு) இருக்கிறது.

குழாய்க்காரர்:
அப்படியானால் பாலி, உச்சம் 50. அந்த டீதான் காற்று ஏற்றும் வாய். நல்ல இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பேஸ்மென்ட் வால்வை மூடுங்கள். கீழே வாளி வைத்து அந்தச் சின்ன மூடியைக் கழற்றுங்கள். வெளியே உள்ள தண்ணீர் அந்த வழியாக இறங்கும். பித்தளைச் சாதனத்தில் கம்ப்ரெஸர் பக்கம் இருக்கும் கைப்பிடியைக் கட்டாயம் மூடுங்கள். காற்று அதற்குள் போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீலும் ஸ்பிரிங்கும் கெடும்.

பிறகு சோன்களை இயக்கும் கன்ட்ரோலரில் கடைசி சோனை, அதாவது தூரமான அல்லது மேடான சோனை ஓடவிட்டு, அது திறந்த பிறகுதான் காற்றை மெல்ல விட வேண்டும். எந்த சோனும் திறக்காமல் காற்று ஏற்றவே கூடாது. வெறும் புகை போல வந்ததும் நிறுத்திவிடுங்கள். எப்படியும் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுழலும் ரோட்டர் ஹெட்டில் பற்சக்கரத்துக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. வெறும் காற்றில் சுற்றினால் சூடேறித் தேயும். மிச்சம் இருந்தால் எல்லா சோனும் முடிந்தபின் இரண்டாம் சுற்று.

புல்தரை:
பெரிய கம்ப்ரெஸர் எடுத்துவிட்டேன், இப்போது ஊதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து சோன் அருமையாக முடிந்தது. மூன்றாவது சோனில் மட்டும் எந்த ஹெட்டும் எழவில்லை, அழுத்தமானி முள் மேலே போகிறது. நிறுத்திவைத்திருக்கிறேன். என்ன செய்ய?

குழாய்க்காரர்:
நிறுத்தியது சரி. வால்வு திறக்கவில்லை. குழாயில் இருக்கும் அழுத்தத்தை வேறு சோன் வழியாக வெளியேற்றுங்கள். பிறகு பெட்டியில் அந்த வால்வின் மேல் இருக்கும் சோலினாய்டை (வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருள்) இடப்பக்கம் கால் சுற்று திருப்புங்கள், கையாலேயே. காற்றை விட்டால் திறக்கும்.

புல்தரை:
திறந்தது! சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியடித்து, அப்புறம் புகை. கன்ட்ரோலர் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா?

குழாய்க்காரர்:
பிடுங்க வேண்டாம், ஆஃப் நிலையில் வையுங்கள். சோலினாய்டைத் திரும்ப இறுக்குங்கள்; கோடையில் அந்த சோனின் வயரைச் சோதியுங்கள். பித்தளைச் சாதனத்தின் இரண்டு கைப்பிடியையும் பாதி திறந்த 45 டிகிரியில் விடுங்கள். முழுக்க மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் வால்வுக்குள் இருக்கும் பந்தைச் சுற்றித் தண்ணீர் சிக்கும், அதுவே உடைக்கப் போதும். பக்கத்தில் இருக்கும் சின்னச் சோதனைத் திருகுகளுக்கும் அதே 45. பேஸ்மென்ட் வால்வு மூடியே இருக்கட்டும்.

ஈரமண்:
சார், எங்கள் வீட்டிலும் அந்தப் பித்தளை இருக்கிறது. கைப்பிடி இப்போது முழுக்க மூடியிருக்கிறது.

குழாய்க்காரர்:
இன்றைக்கே திருப்புங்கள்.