கோடையில் ஏற்காட்டில் நடைப்பயணம்: எந்தப் பாதைகள் ஏற்றவை?

கேள்வி (பெருந்துறைக்காரர்):
வரும் மே மாதம் அறுபது வயதைக் கடந்த பெற்றோருடன் ஏற்காடு செல்ல எண்ணியுள்ளோம். வாகனத்திலேயே சுற்றாமல், காலை வேளையில் ஓரிரு மணி நேரம் நடக்கத்தக்க பாதைகளைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். கிளியூர் அருவிக்கு அவர்களை அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி (சேலத்து நடையர்):
கிளியூரைத் தவிர்த்துவிடுங்கள், ஐயா. மழைக்காலத்தில் பொங்கும் அந்த அருவி கோடையில் பெரும்பாலும் வறண்டிருக்கும். இறங்கிய படிகளையெல்லாம் திரும்ப ஏறுவது மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலை நோக்கிச் செல்லும் சாலையோ, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சில்வர் ஓக் மரங்களின் நிழலில் பெரும்பகுதி அமைந்திருப்பதால், விடிந்தவுடன் புறப்பட்டால் களைப்புத் தெரியாது. முழுத் தொலைவும் நடக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்திலுள்ள கோயில் வரை வாகனத்தில் சென்று, குகைக்குள் இருக்கும் சேர்வராயனை வணங்கிவிட்டு, இறக்கமாக நடந்து வருவதே பெரியவர்களுக்கு எளிது.

மறுமொழி (கோபி வாசகி):
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் காட்டெருமைகள் தோட்டங்களில் நடமாடுவதால், இருள் பிரியும் முன் கிளம்ப வேண்டாம். பிற்பகலில் கோடை மழை இடியுடன் திரண்டு வரக்கூடும் என்பதால் மதியத்திற்குள் திரும்பிவிடுவது நல்லது. மாலையில் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனை போதும். வானம் தெளிந்திருந்தால் சேலம் நகரம் முழுவதும் கீழே தெரியும். கோடை விழா நாட்களில் மட்டும் செல்லாதீர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாகன நெரிசலே மிஞ்சும்.

மறுமொழி (பெருந்துறைக்காரர்):
மிக்க நன்றி. விழாவுக்கு முந்தைய வாரநாட்களில் அறை பார்க்கிறேன்.